மண்டி நூறு

"குடிபாலாவை எடுத்துடலாம்" என்று வேதாச்சலம் சொன்னபோது ஞானசௌந்தரி ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டீயை உறிஞ்சிக்கொண்டே ஒரு மனிதரால் ஒரு முழு ஊரை எடுத்துவிட முடியும் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு, ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை. திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பாத்திரக்கடை மாடியில் அந்தக் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. பத்து மாதமாக அங்கே ஒரே வேலைதான். சித்தூர் ஜில்லாவின் பழைய மிஷன் சபைகள் பதினொன்றின் ஞானஸ்நானப் பதிவேடுகள், கல்யாணப் பதிவேடுகள், நூற்றிருபது வருஷத்துப் பெயர்கள், எல்லாவற்றையும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. மொத்தம் பதினோராயிரத்துத் தொள்ளாயிரம் பக்கம். அதில் முக்கால்வாசியை ஞானசௌந்தரி தன் கையாலேயே கண்ணாடியில் வைத்து எடுத்திருந்தாள்.

இத்தனையையும் காந்த டேப்பில் எழுதி வெளிநாட்டுத் தொழிற்சாலைக்கு அனுப்பினால், அவர்கள் உள்ளங்கை அகல டிஸ்க் ஒன்றில் அடித்துத் திருப்பி அனுப்புவார்கள். பாட்டு டிஸ்க் மாதிரியேதான் இருக்கும், பாட்டுக்குப் பதில் பக்கங்கள் இருக்கும். சபைகளின் செயலாளரான தியோடர் போதகர் ஆறு வருஷம் கடிதம் எழுதி எழுதி வாங்கிய உதவி அது. ஆனால் ஒரே ஒரு டிஸ்க்தான். இரண்டாவது டிஸ்க் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று கடிதத்தில் மரியாதையாகவும் கண்டிப்பாகவும் எழுதியிருந்தார்கள்.

அதே கடிதத்தின் முதல் பக்கத்தில் டிஸ்க்கின் கொள்ளளவும் இருந்தது: ஐந்நூற்றிருபத்தேழு மெகாபைட்.

வேதாச்சலம் மெட்ராஸிலிருந்து வந்தவர். பெரிய கம்பெனியில் வேலை பார்த்தவர், அதை வாரத்துக்கு ஒருமுறையாவது நினைவுபடுத்துபவர். கம்ப்யூட்டர் திரையில் மொத்தக் கணக்கு வந்திருந்தது, 54,83,52,000 பைட். பைட் என்பது கம்ப்யூட்டரில் ஓர் எழுத்து உட்காரும் இடம். அவர் பென்சிலால் கடைசி ஆறு இலக்கத்தை ஒரே வெட்டாக வெட்டினார்.

"மெகான்னா மில்லியன். ஆறு சைபர். நம்மகிட்ட இருக்கிறது ஐந்நூற்று நாற்பத்தெட்டு மெகா. டிஸ்க் கொள்றது ஐந்நூற்றிருபத்தேழு. இருபத்தொரு மெகா அதிகம். நானூற்று அறுபது பக்கம் குறைக்கணும். குடிபாலா புஸ்தகம் சரியா நானூற்று அறுபது பக்கம். கடைசியா வந்தது. அதை எடுத்துட்டா சுத்தமா முடிஞ்சுது."

"சார், மத்த புக்ல கொஞ்சம் கொஞ்சம்..."

"எந்த ஊர்ல யாரை எடுக்கிறது, நீயே சொல்லும்மா."

ஓரமாக உட்கார்ந்திருந்த தியோடர் போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். நல்ல மனுஷர். ஆனால் இரண்டு பேர் எதிரெதிராக நின்றால், யார் சத்தமாகப் பேசுகிறாரோ அவர் பக்கம் சாய்ந்துவிடுவார். "அடுத்த டிஸ்க் வந்தா குடிபாலாவுக்குத்தான் முதல் இடம்மா" என்றார். அடுத்த டிஸ்க் வராது என்பது அந்த அறையில் மூன்று பேருக்கும் தெரியும், சுவரில் இருந்த பல்லிக்கும் தெரியும்.

"நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குக் குடிபாலாவை அழிச்சிட்டுக் கடைசி டேப்பை எழுதறேன்" என்றார் வேதாச்சலம். "சனிக்கிழமை ரேணிகுண்டாவுல ரயில் ஏத்தணும்."

ஞானசௌந்தரியால் இதை ஒரு கணக்காக மட்டும் பார்க்க முடியவில்லை. காரணம் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை வாங்கி வந்தவளே அவள்தான்.

குடிபாலா அவள் ஊர். சித்தூரிலிருந்து வேலூர் போகிற சாலையில், தமிழ்நாட்டு எல்லைக்குச் சற்று முன்னால். சபைக் குடும்பங்கள் அத்தனையும் ஒரு காலத்தில் கையளவு நிலம் இல்லாத கூலிக் குடும்பங்கள். பட்டா இல்லை, பத்திரம் இல்லை. பிறந்தது, கட்டிக்கொண்டது எல்லாவற்றுக்கும் அந்த ஒரு புத்தகம்தான் சாட்சி. அதையும் கரையான் பாதி ருசி பார்த்துவிட்டது. அவளுடைய நைனா பிரகாசம் செத்துப்போய் எட்டு வருஷம். அவர் பெயர் எழுத்தில் இருந்த ஒரே இடம் அந்தப் புத்தகம்தான். ரேஷன் கார்டில்கூட எவனோ தூக்கக் கலக்கத்தில் 'பரசுராமன்' என்று எழுதி வைத்திருந்தான்.

ஊர் லேசில் புத்தகத்தைக் கொடுக்கவில்லை. ஸ்கேனரில் வைக்க வேண்டுமென்றால் முதுகைப் பிரித்துத் தாள் தாளாக்க வேண்டும். பிரித்தால் இந்தப் புத்தகம் மறுபடி புத்தகமாகாது, உதிர்ந்துவிடும். அதைச் சபையில் மறைக்காமல் சொன்னாள். இயேசுதாசன் மூப்பர் வெகுநேரம் யோசித்தார். சித்தூர் மாங்காய் மண்டியில் லோடு மேஸ்திரி அவர். யோசித்து முடித்துவிட்டு, சபைக்கு முன்னால் அவள் கையைப் புத்தகத்தின் மேல் வைக்கச் சொன்னார்.

"புக்கு போனா போவுது, பேரு போவக் கூடாது. அந்தத் தட்டுல எங்க பேரெல்லாம் இருக்கும்னு நீ ஒரு வார்த்த சொல்லு பாப்பா. போதும்."

சொன்னாள். சொன்ன வார்த்தைதான் இப்போது வேதாச்சலத்தின் பென்சில் நுனியில் மாட்டிக்கொண்டிருந்தது. எடுத்த படங்கள் இருப்பது வாடகை டேப்பில், அதைத் திருப்பிக் கொடுத்ததும் எல்லாம் அழிந்துபோகும். புத்தகமும் இல்லை, படமும் இல்லை. குடிபாலாவில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பாள்?

வெள்ளிக்கிழமை காலையில் லீவு சொல்லிவிட்டுச் சித்தூருக்குப் பஸ் ஏறினாள். நாளைக்கு நாலு பேர் சொல்லிக் கேட்பதைவிட இன்றைக்குத் தானே மூப்பரிடம் சொல்லிவிடுவது மேல் என்று நினைத்தாள். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தாள். சந்திரகிரி வந்தது, பாக்காலா வந்தது, ஆரம்பம் மட்டும் வரவில்லை.

மண்டி சீசன் மும்முரத்தில் இருந்தது. ரங்கையா மண்டி வாசலில் மெட்ராஸ் லாரி நிற்க, மேலே நின்று கூடை வாங்கிக்கொண்டிருந்தார் மூப்பர். ஞானசௌந்தரிக்கு இந்த இடம் அத்துப்படி. பத்தாவது படிக்கும்போதிருந்து பி.எஸ்ஸி. முடிக்கும்வரை கோடை லீவுக்குக் கோடை லீவு இங்கேதான் காய் எண்ணினாள். அவள் படிப்புக்கான பாதிப் பணம் இந்தப் புழுதியிலிருந்து வந்ததுதான்.

"வா வா பாப்பா!" மூப்பர் மேலேயிருந்தே கத்தினார். "நாளைக்கு நாப்பது பேரு ரேணிகுண்டா வர்றோம். மாலைகூடச் சொல்லிட்டேன். டேப்புக்கு மாலை போடலாமில்ல? ஒண்ணும் ஆவாதில்ல?"

"ஆவாது மூப்பரே" என்றாள். லாரி நிழலில் ஒதுங்கி நின்றாள்.

அவர் இறங்கி வருவதற்குள் லாரிக்குப் பின்னால் சண்டை வெடித்தது. மெட்ராஸ் வியாபாரி புதிதாக ஒரு கணக்குப்பிள்ளையை அனுப்பியிருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, புது நோட்டு, பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒவ்வொரு காயாக எண்ணியிருக்கிறான் மகராசன். எண்ணி முடித்து, "எண்பது நூறுக்குத்தான் சீட்டு. வண்டியில எண்பத்து நாலு நூறு இருக்கு. நாலு நூறை இறக்குங்க. எங்க முதலாளிக்கு அடுத்தவன் பொருள் வேண்டாம்" என்றான்.

கூடுதலாக வந்த காயை வேண்டாம் என்று இறக்கச் சொன்ன ஆளை அந்த மண்டி பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. கூலியாட்கள் கூடையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். ரங்கையா தலையில் அடித்துக்கொண்டார்.

"திம்பேதி லேது! ஒரு காய்கூட இறங்காது! ஏமய்யா, உனக்கு யார் லெக்க சொல்லிக் குடுத்தது? மண்டியில நூறுன்னா நூத்தி அஞ்சுய்யா. ஒரு கைக்கு அஞ்சு காய். இருபது கை போட்டா நூறு, இருபத்தோராவது கை கொசுறு. எங்க தாத்தா காலத்துலயிருந்து இதான் நூறு. உன் நூறு வேற, எங்க நூறு வேற!"

"நூறு எப்படி சார் வேற வேறயா இருக்கும்?" என்றான் அவன், அழாத குறையாக. "சீட்டுல எண்பதுன்னு போட்டிருக்கு. நான் எண்ணினா எண்பத்து நாலு."

"அதே காய்தான்டா! நீ சின்ன நூறால எண்ணினா எண்பத்து நாலு வரும், பெரிய நூறால எண்ணினா எண்பது. காய் ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல!"

ஞானசௌந்தரி சிரித்தாள். நேற்றிலிருந்து முதல் சிரிப்பு. சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. இந்தப் பையனை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. பார்த்திருக்கிறாள்தான். நேற்று, பாத்திரக்கடை மாடியில், பென்சிலும் டீயுமாக. இறக்கச் சொன்னது நாலு நூறு மாங்காயை அல்ல, நானூற்று அறுபது பக்கத்தை.

கம்ப்யூட்டர் பாடத்தில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்ததுதான். கம்ப்யூட்டரின் ஆயிரம் நம் ஆயிரம் இல்லை. அது இரண்டு இரண்டாகப் பெருக்கிக்கொண்டே போகிற பிராணி. ஒரு கிலோபைட் என்றால் ஆயிரத்து இருபத்து நாலு. பரீட்சையில் எழுதினாள், மார்க் வாங்கினாள், மறந்தாள். அப்படியானால் மெகா? ஆயிரத்து இருபத்து நாலை ஆயிரத்து இருபத்து நாலால் பெருக்க வேண்டும். கீழே கிடந்த மாவிலைமேல் பேனாவால் பெருக்கினாள். பத்து லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்து ஐந்நூற்று எழுபத்தாறு. நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து கொசுறு. அட, சாட்சாத் மண்டி நூறு!

"மூப்பரே, நான் போறேன்!"

"இன்னாம்மா, இப்பதான் வந்த? ஒரு வா துன்னுட்டுப் போ. எதுக்கு வந்தன்னுகூடச் சொல்லல?"

"மாலைய நல்லா பெரிசா சொல்லுங்க" என்று கத்திக்கொண்டே பஸ் ஸ்டாண்டை நோக்கி ஓடினாள்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பயம் பிடித்தது. தொழிற்சாலைக்காரன் சொன்ன ஐந்நூற்றிருபத்தேழு பெரிய மெகாவாக இருந்தால் குடிபாலா தாராளமாக உள்ளே போகும். அதுவும் சின்ன மெகாதான் என்றால்? அவன் ஊரில் மண்டி நூறு உண்டா இல்லையா, யாரைக் கேட்பது? கடிதம் நான்கு பக்கம் என்பது நினைவுக்கு வந்தது. முதல் பக்கத்தில் விடை இருந்ததால் மற்ற மூன்றையும் யாரும் புரட்டவில்லை. பாக்காலாவில் பஸ் டயர் வெடித்தது. மணி இரண்டரை. டிரைவர் சாவகாசமாக இறங்கிப் பீடி பற்ற வைத்ததைப் பார்த்து அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. டயரை மாற்ற அவளும் கல் எடுத்துக் கொடுத்தாள்.

மாடிப்படி ஏறும்போது மணி நாலேகால். சினிமாவாக இருந்தால் வேதாச்சலத்தின் விரல் அந்தக் கடைசி பட்டனுக்கு ஒரு அங்குலம் மேலே நின்றிருக்கும். நிஜத்தில் அவர் முகத்தில் பேப்பரைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். மூன்று மணியிலிருந்து கரண்ட் இல்லை. கரண்ட் போனதற்காக ஒருத்தி கைகூப்பியது திருப்பதியில் அதுவே முதல் தடவையாக இருக்கும்.

தியோடர் போதகர் ஜன்னல் பக்கம் விசிறிக்கொண்டிருந்தார். ஞானசௌந்தரி நேராகக் கோப்பை எடுத்துக் கடிதத்தின் இரண்டாவது பக்கத்தைப் புரட்டினாள். சின்ன எழுத்தில் ஒரு அட்டவணை. டிஸ்க்கில் உள்ள அறைகள், இரண்டு லட்சத்து எழுபதாயிரம். ஓர் அறைக்கு இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு பைட்.

"சார், எந்திரிங்க. குடிபாலா உள்ள போவும்."

வேதாச்சலம் பேப்பரை விலக்கினார். அவள் மாங்காய், நூறு, கொசுறு என்று மூச்சு வாங்காமல் சொல்லி முடித்தாள். அவர் சிரித்தார். "மாங்கா கணக்கைக் கம்ப்யூட்டர்ல கொண்டு வராதம்மா. நான் பதினைஞ்சு வருஷமா இந்த லைன்ல இருக்கேன்."

"சரி சார். மெகாவே வேணாம். சின்ன மெகாவும் வேணாம், பெரிய மெகாவும் வேணாம். காய் காயா எண்ணிடலாம். ரெண்டையும் பைட்லயே வைப்போம். இந்த அட்டவணையப் பெருக்குங்க."

வேதாச்சலம் மேஜையிலிருந்து கால்குலேட்டரை எடுத்துத் தட்டினார். அது எட்டு இலக்கக் கால்குலேட்டர். விடை கொள்ளாமல் ஓரத்தில் ஒரு 'E' காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் கரும்பலகைக்குப் போனார். சுண்ணாம்புக்கட்டி அவள் கையில் இருந்தது.

"ரெண்டாயிரத்தால பெருக்கினா ஐம்பத்து நாலு கோடி" என்று எழுதினாள். "நாற்பத்தெட்டால பெருக்கினா ஒரு கோடியே இருபத்தொன்பது லட்சத்து அறுபதாயிரம். கூட்டுங்க சார்."

வேதாச்சலம் கூட்டினார். 55,29,60,000. அதற்குக் கீழே, தானே, யாரும் சொல்லாமல், நேற்றைய கணக்கை எழுதினார். 54,83,52,000. பெரியது மேலே இருந்தது, சின்னது கீழே இருந்தது. அதை எந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவராலும் மாற்ற முடியாது.

"கழிங்க" என்றாள் ஞானசௌந்தரி.

"நாற்பத்தாறு லட்சத்து எட்டாயிரம் மிச்சம்" என்றார், குரல் சற்று இறங்கி. "ஒரு பக்கத்துக்கு நாற்பத்தாறாயிரத்து எண்பது பைட் ஒதுக்கியிருக்கோம். அப்படின்னா... சரியா நூறு பக்கம். குடிபாலா மொத்தமும் போயி, மேல நூறு பக்கத்துக்கு இடம் இருக்கு." சுண்ணாம்புக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நெற்றியில் பட்டையாக வெள்ளை. "அவன் பெரிய மெகாவுல சொல்லியிருக்கான். நான் நம்ம சரக்கைச் சின்ன மெகாவுல அளந்துட்டேன். தப்பு என்னுதும்மா."

நேராகச் சொன்னார். அதற்காக அவரை ஞானசௌந்தரி அந்த நிமிஷமே மன்னித்துவிட்டாள். தியோடர் போதகர் "ஸ்தோத்திரம்" என்று போட்ட சத்தத்தில் கீழே பாத்திரக்கடையில் எதுவோ உருண்டது. அவர் இவ்வளவு சத்தம் போடக்கூடியவர் என்று தெரிந்திருந்தால் நேற்றே போட்டிருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது.

"நூறு பக்கம் சும்மா போவக் கூடாது" என்றார் போதகர், திடீரென்று ஆளே மாறி. "வரதய்யபாளையத்து உதிரித் தாளுங்க, ஒரு பக்கம் மட்டும் எழுதினது, தொண்ணூற்றேழு வந்துதே, இடமில்லேன்னு திருப்பிக் கட்டி வெச்சோமே. அது எங்க?"

பீரோவுக்கு மேலே இருந்தது. கரண்ட் ஆறு மணிக்கு வந்தது. சனிக்கிழமை காலை வேதாச்சலமே சட்டைக் கையை மடித்துக்கொண்டு தாளை எடுத்துக் கொடுக்க, ஞானசௌந்தரி ஸ்கேன் செய்தாள். மத்தியானத்துக்குள் டேப்புகள் தயார்.

ரேணிகுண்டா பிளாட்பாரத்தில் குடிபாலா நாற்பது பேரைச் சொல்லிவிட்டு எழுபது பேராக வந்திருந்தது. ஒரு ஆர்மோனியம், இரண்டு கூடை மாம்பழம், ஆள் உயர மாலை. தேர்தலில் ஜெயித்த யாரோ வருகிறார் என்று நினைத்துப் போர்ட்டர்கள் வழிவிட்டார்கள். மாலை டேப் பெட்டியைச் சுற்றி மூன்று சுற்று வந்தது. ரயில் நகர்ந்த பிறகுதான் ஞானசௌந்தரி மூப்பரைத் தனியாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள்.

இயேசுதாசன் மூப்பர் கேட்டார். முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. "அப்போ நேத்து மண்டிக்கு வந்தது இத்த சொல்லத்தானா?"

"ஆமா மூப்பரே."

"அந்த மெட்ராஸ் பையன் மட்டும் ஒழுங்கா எண்ணியிருந்தா..." என்று ஆரம்பித்தவர், கூடையிலிருந்து ஆகப் பெரிய பழத்தைப் பொறுக்கி அவள் கையில் திணித்தார்.

டிஸ்க் அடுத்த வருஷம் பிப்ரவரியில் வந்தது. கம்ப்யூட்டர் சென்டரில் நிற்க இடமில்லை. குடிபாலா ஆட்கள் ரங்கையாவின் காலி மாங்காய் லாரியில் வந்து இறங்கினார்கள். சித்தூர்ப் பெரிய சபைதான் மூத்தது, அதன் பக்கத்தைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். வேதாச்சலம் கையைக் காட்டி நிறுத்தினார். "முதல்ல குடிபாலா. அதை எடுக்கச் சொன்னவன் நான். அதனால நான்தான் போடணும்."

மூப்பர் டிஸ்க்கை ஓரம் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். வானவில் ஓடியது. "இதுல எங்க ஊரு எங்க சார் இருக்குது?"

"உள்ளேயிருந்து வெளியே சுத்திக்கிட்டே எழுதும். கடைசியா வந்தது வெளி ஓரம். இதோ, இந்த விளிம்புக்கிட்ட வரதய்யபாளையம். அதுக்குக் கொஞ்சம் உள்ளே, இங்க, நீங்க."

"இங்கியும் எல்லையிலதானா எங்கள வெச்சீங்க?" என்றார் மூப்பர். அறையே சிரித்தது. வேதாச்சலம்தான் அதிகமாகச் சிரித்தார்.

டிஸ்க் உள்ளே போனது. பெட்டி ஒருமுறை முனகியது. ஞானசௌந்தரி பக்க எண்ணைத் தட்டினாள். எந்தப் பக்கம் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. கரையான் அரித்த ஓரம் முதலில் வந்தது, அப்புறம் சாய்ந்த கையெழுத்து வரி வரியாக இறங்கியது. ஆறாவது வரியில் பிரகாசம் என்று இருந்தது. குழந்தை, ஆண், தகப்பன் தொழில் கூலி, ஊர் குடிபாலா.

அவள் சந்தோஷத்தில் அழுதாள், மறைக்கவும் இல்லை. மூப்பர் குனிந்து, விரல் திரையில் படாமல் அந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு திரும்பி, வாசல்வரை நின்ற எல்லாருக்கும் கேட்கிறாற்போலச் சொன்னார்.

"கீதுடா! நம்ம பேரு அல்லாம் கீது! சௌந்திரி சொன்னாமாதிரியே கீது!"

வாசலில் நின்றவர்கள் அதைப் படிக்கட்டில் நின்றவர்களுக்குச் சொன்னார்கள். படிக்கட்டில் நின்றவர்கள் கீழே லாரியில் இருந்தவர்களுக்குச் சொன்னார்கள். லாரி டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டார். எடுக்கவே இல்லை.